ஒட்டில்லாத சாமான்

அருங்காட்சியகத்தின் பின்வாசல் காதுக்காரருக்கு அத்துப்படி. எந்தப் படியில் கால் வழுக்கும், பெரிய பெட்டியை எந்தச் சாய்வில் பிடித்தால் நிலையில் இடிக்காது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். முப்பத்தொரு வருஷம் ஏலக்கடைப் பெட்டிகளை அந்த வழியாகத்தான் உள்ளே சேர்த்தார். முன்வாசலுக்கு எத்தனை படி என்று இந்த மாதம்தான் எண்ணினார். பன்னிரண்டு. ஒவ்வொரு படிக்கும் முழங்கால் ஒரு முறை முனகியது. பக்கத்திலேயே கைப்பிடி வைத்த சாய்தளம் இருந்தது. அதில் அவர் ஏறவில்லை. முன்வாசல் என்று ஆனபிறகு படியேறித்தான் போவது என்று ஒரு பிடிவாதம்.

ஏலக்கடையில் பொதிகட்டுகிற வேலை பார்த்தவர். அதற்கு முன்னால் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். முதுகு போனது. மூட்டை தூக்கினவனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கிடைப்பதே பெரிய விஷயம் என்று ஏலக்கடைக்கு வந்தார். பழைய சீனப் பீங்கானை வைக்கோலிலும் மரச்சீவலிலும் பொதிந்து பெட்டியில் இறக்க வேண்டும். படித்தவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததை அவர் மடியில் வைத்துப் பார்த்தார், நாளைக்கு நாற்பது ஐம்பது என்று. சாமானைக் கவிழ்த்து, அடிவளையத்தில் பூச்சு படாத மண்ணை விரலால் ஒரு சுற்றுத் தடவினால் போதும். எந்தச் சூளை, எத்தனை வயசு என்று விரல் சொல்லிவிடும். அடியில் எழுதியிருக்கும் அரசர் பெயரை அவர் நம்பவே மாட்டார்.

"பேரை எவன் வேணா எழுதலாம்யா. மண்ணை எழுத முடியுமா?" என்பார்.

கடைசியாக, விரலை மடக்கி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோவார். முழுச் சாமான் மணி மாதிரி நீளமாகப் பாடும். மயிரிழை விரிசல் இருந்தால்கூடக் குரல் பாதியில் செத்துப்போகும். அந்தத் தட்டுக்காகவே வியாபாரிகள் வண்டி வைத்து அழைத்துப் போனார்கள். காதுக்காரர் என்ற பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளப் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

ஏலத்தில் எவரும் கேட்காமல் விட்டது, ஜோடி பிரிந்தது, வயசு தெரியாமல் மூலையில் கிடந்தது என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் பீங்கான். மற்றதில் அவரும் மனைவியும் மகளும். மொத்தம் நூற்று அறுபத்து மூன்று சாமான் சேர்ந்தது. எழுபது வயசு முடிந்தபோது அவ்வளவையும் அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அறை வாசலில் ஒரு பித்தளைத் தகடு. அதில் அவர் பெயர். பெயருக்குக் கீழே அவரே சொன்ன ஒரு வரி: 'இதில் ஒட்டுப்போட்ட சாமான் ஒன்றுகூட இல்லை.'

அந்த வரிக்குக் காரணம் இருந்தது. பொதிகட்டினவன் சேர்த்ததை அப்படியே நம்பி உள்ளே வைப்பதா என்று அருங்காட்சியகக் குழுவில் ஒருவர் கேட்டாராம். அந்தப் பேச்சு காதுக்காரருக்கு வந்து சேர்ந்தது. கேட்டவருக்குப் பித்தளையில் பதில் சொல்வதென்று அன்றைக்கே முடிவு செய்தார்.

முதல் தவணையாக அறுபது சாமான் போயிருந்தது. அவரே பொதிந்து, அவரே ஏற்றி, அவரே இறக்கினார். பதிவு அதிகாரி ஒரு சின்னப் பெண். சாமான் ஒவ்வொன்றையும் இருட்டறையில் வைத்து ஊதா விளக்கில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பசையோ புதுப்பூச்சோ இருந்தால் அந்த விளக்கில் வெளுத்துத் தெரியும். செவ்வாய்க்கிழமை மீன் ஜாடியின் முறை வந்தது.

"ஐயா, கொஞ்சம் நகருங்க. நிழல் விழுது."

"என் சாமானுக்கு விளக்கு எதுக்கும்மா? என் காது வச்ச முத்திரை இருக்கே, பத்தாதா?"

"உங்க காதை ஃபைல்ல ஒட்ட முடியாதே ஐயா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பெண்ணை அவருக்குப் பிடித்திருந்தது. சாமானைத் தூக்குகிறபோது கைப்பிடியில் தூக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்குகிறவள்.

ஜாடி முழங்கால் உயரம். வெள்ளைமேல் நீலம். பாசிக்கு நடுவே நாலு பெரிய மீன்கள் ஒன்றின் வாலை ஒன்று துரத்திக்கொண்டு சுற்றும். அவரிடம் இருந்ததிலேயே உயர்ந்த சாமான் அதுதான். கூடத்தின் நடுவில் தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாகத் திட்டம். விளக்கு அடியிலிருந்து மெல்ல மேலே ஏறியது. பூச்சு இருண்ட ஊதாவாகத் தெரிந்தது, தெரிய வேண்டியபடி. தோளுக்கு வந்ததும் அதிகாரியின் கை நின்றுவிட்டது.

கழுத்துக்குக் கீழே இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, பால் திரிந்தது மாதிரி ஒரு வெளுப்பு தகதகவென்று மின்னியது. அதிலிருந்து நாலைந்து கோடுகள் கிளை பிரிந்து வயிறு வரைக்கும் ஓடின.

"விளக்கைத் துடைச்சுப் பாரும்மா."

துடைத்தாள். வெளுப்பு அப்படியே இருந்தது.

"தூசியா இருக்கும்."

அதிகாரி விளக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். தணிந்த குரலில், "நீங்களே ஒரு தடவை தட்டிப் பாருங்களேன் ஐயா" என்றாள்.

காதுக்காரருக்கு ஒரு சட்டம் உண்டு. சாமானை வாங்கும்போது ஒரு முறை தட்டலாம். வீட்டுக்கு வந்தபிறகு தட்டக்கூடாது. வந்தவர் போனவரிடமெல்லாம் தட்டிக் காட்டியே நல்ல சாமானை விரிய வைத்த பெரிய மனிதர்கள் இரண்டு பேரை அவருக்குத் தெரியும். இந்த ஜாடியை அவர் தட்டி இருபத்தாறு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அது பாடின பாட்டு இன்னும் காதில் இருந்தது. அதற்குப் பிறகு மெல்லிய தூரிகையால் தூசி தட்டினதோடு சரி. போன வாரம் பொதியும்போதுகூட அடிவளையத்தை ஒரு சுற்றுத் தடவினார். சூளை மணல் ஒட்டின இடம், குயவன் பெருவிரல் பதிந்த பள்ளம், எல்லாம் சரியாக இருந்தது. அடி சரியாக இருந்ததால் மேலே பார்க்கவில்லை.

விரலை மடக்கித் தட்டினார்.

டொக்.

காலி மரப்பெட்டியைத் தட்டினது மாதிரி இருந்தது. இன்னொரு முறை தட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை.

அதிகாரி விளக்கை அணைத்துத் திரைச்சீலையை விலக்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலை ஐயா. வெள்ளிக்கிழமை குழு வருது. ஜாடியை நீங்க திருப்பி எடுத்துட்டுப் போயிட்டா நூத்தி அறுபத்து ரெண்டுன்னு பட்டியலை மாத்தி அடிச்சுடுவேன். உங்க வரி உண்மையாவே இருக்கும். யாருக்கும் எதுவும் தெரியாது."

"இல்லைன்னா?"

"இங்கேயே வைக்கணும்னா நிலைத்தாள் எழுதணும். எப்ப உடைஞ்சுது, எப்படி உடைஞ்சுது, யார் ஒட்டினாங்க, எல்லாம். அப்ப தகட்டுல அந்த வரி இருக்க முடியாது. மத்த சாமானையும் இன்னொரு தடவை ஆராயணும்பாங்க. அன்னைக்குக் கேட்டவர் மறுபடி கேப்பார்." அவள் விளக்கின் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "வியாழக்கிழமை காலையில சொல்லுங்க போதும்."

யாராவது ஜாடியையே மாற்றிவிட்டார்களோ என்று அவருக்கு ஒரு நப்பாசை. குனிந்து மறுபடி அடியைத் தடவினார். குயவனின் பெருவிரல் அங்கேயேதான் இருந்தது. சாமான் அவருடையதுதான். அவர் வீட்டில் வைத்து உடைந்திருக்கிறது.

பிறகு உருப்பெருக்கியை வாங்கி, வெளுத்துத் தெரிந்த இடத்தில் வரைந்திருந்த மீன் செதிலைப் பார்த்தார். நீலம் பிசகவில்லை. தூரிகை நடுங்கவில்லை. இந்த ஊரில் அப்படி வரையத் தெரிந்த கை ஒன்றே ஒன்று, உடைந்த பீங்கானை ஒட்டித் தருகிற ஒட்டுக்காரனுடையது.

அவன் கடை ஏலக்கடைச் சந்தின் கடைசியில் இருந்தது. உள்ளே பசை நாற்றம். ரப்பர் பட்டை மாட்டின கோப்பைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பல் வைத்தியர் தூக்கிப்போட்ட துளைக்கருவியை வைத்துக்கொண்டு ஒரு தட்டின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான் ஒட்டுக்காரன். இவருக்குச் சமவயசு. முப்பது வருஷத்துச் சிநேகிதம்.

காதுக்காரர் வாசலிலேயே நின்றார். "மீன் ஜாடி" என்றார்.

ஒட்டுக்காரன் கருவியை நிறுத்தினான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். அவன் முகத்தில் பயத்தைக் காணோம். புதுச் சட்டை போட்டவன் மாதிரி ஒரு பூரிப்புத்தான் இருந்தது.

"கண்டுபிடிச்சிட்டியா? எத்தனை வருஷம் ஆச்சு?"

"விளக்கு கண்டுபிடிச்சுது."

"அப்ப நீ கண்டுபிடிக்கலை!" தொடையில் தட்டிக்கொண்டான். "பதினேழு வருஷம்யா. பதினெட்டுத் துண்டு. காதுக்காரன் வீட்டுக்குள்ள, காதுக்காரன் மூக்குக்கு நேரா பதினேழு வருஷம். எனக்கு இதைவிட ஒரு சர்டிபிகேட் எவன் குடுப்பான்?"

"வெட்கமா இல்லையாடா உனக்கு?"

"எனக்கு எதுக்கு வெட்கம்? நான் ஒட்டுறவன். உடைஞ்சது வந்துச்சு, ஒட்டினேன். கூலிகூட வாங்கலை. உன்னை ஏமாத்துறதே கூலிதான்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட சொன்னே? யார் கொண்டாந்தது?"

ஒட்டுக்காரன் கண்ணாடியைக் கீழே இறக்கித் தட்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான்.

"அதை உன் வீட்ல போய்க் கேளு. எனக்குத் தெரிஞ்சு நீ கெட்டவன் இல்லை. ஆனா அன்னைக்கு இந்த வாசல்ல ஒருத்தி வாளியோட நின்னா பாரு. கை அப்படி நடுங்கிச்சு. உள்ள இருக்கிற துண்டெல்லாம் கலகலன்னு சத்தம் போட்டுச்சு. மேல ஈரத்துணி போட்டு மூடியிருந்தா. அதுக்கப்புறம் எனக்குக் கூலி கேக்கத் தோணலை, அவ்வளவுதான்."

காதுக்காரர் வீட்டுக்குப் போனார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பீங்கான் அறைக்குள் நுழைந்தார். பாதி அலமாரி காலியாக இருந்தது. மீதி நூற்று மூன்று சாமான் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக எடுத்தார். தட்டினார். காது வைத்தார். கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். சட்டமாவது ஒன்றாவது. கிண்ணம், கோப்பை, சாடி, மூடி. பாடின, பாடின, பாடின. ஒவ்வொன்று பாடும்போதும் அவருக்கு மூச்சு வந்தது. அடுத்ததை எடுக்கும்போது போயிற்று.

இருபதாவதோ என்னவோ தட்டும்போது மனைவி வாசலில் வந்து நின்றாள். சலவைக்கடையில் நாற்பது வருஷம் இஸ்திரி போட்டவள். வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருக்கும். கையை முந்தானையில் துடைத்தபடியே நின்றாள்.

"போதும், விடுங்க. மத்ததெல்லாம் முழுசுதான். ஜாடி மட்டும்தான்."

அவர் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"நீயா?"

"நான்தான். நீங்க வெளியூர்ல பெரிய வீட்டு ஏலத்துக்குப் பொதிகட்டப் போய் மூணு வாரம் இருந்தீங்களே, அப்ப. பல்லி ஒண்ணு ஜாடிக்குப் பின்னாடி ஓடிச்சு. துடைப்பக்கட்டையை ஓங்கினேன். பல்லி தப்பிச்சிடுச்சு."

"சொல்லியிருக்கலாமேடி."

அவள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பில்லை.

"யார்கிட்ட? உங்ககிட்டயா?"

"உடைஞ்சா உடைஞ்சுது. நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"ஒரு கிண்ணத்துக்கு என் பொண்ணுக்குக் காது போச்சு. இது ஜாடி."

காதுக்காரருக்குப் புரியவில்லை. "எந்தக் காது? என்ன உளர்றே?"

"இடது காது. ஒன்பது வயசுல. பச்சைக் கிண்ணம் விளிம்பு தெறிச்சுதுன்னு ஒரு அறை விட்டீங்க. ரெண்டு நாள் தலையணையெல்லாம் ரத்தம். காதுல கட்டின்னு உங்ககிட்ட சொன்னேன். நீங்களும் நம்பினீங்க. நம்புறதுக்கு வசதியாத்தானே இருந்துச்சு."

அந்தக் கிண்ணம் அவருக்கு நினைவிருந்தது. கசங்கின இலைப் பச்சை. உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் செதுக்கின தாமரை. அடியில் துரு நிறத்தில் ஒரு வளையம். விளிம்பில் அரை நகம் அளவுக்குத் தெறித்தது, எந்த இடத்தில் என்றுகூடச் சொல்வார். அறைந்ததை நினைத்துப் பார்த்தார். நினைவில்லை. முப்பது வருஷமாகக் கிண்ணத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

வலது கை. எதிரே நிற்கிற பிள்ளை. அப்படியென்றால் இடது கன்னம். சாமானைக் கவிழ்த்துப் பார்ப்பது மாதிரி மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். கணக்குச் சரியாகத்தான் வந்தது.

"ஜாடித் துண்டையெல்லாம் அவதான் பொறுக்கினா" என்றாள் மனைவி. "எனக்கு எழுந்திருக்கவே முடியலை. துணி வாளியில போட்டு அவதான் தூக்கிட்டுப் போனா. 'பயப்படாதம்மா, அவருக்கு அடி மட்டும்தான் தெரியும், மேல பாக்க மாட்டார்'னா. அவ சொன்ன மாதிரியே நீங்க பாக்கலை."

அவர் கோப்பையை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தார். பேசினபோது வந்தது வேறு பேச்சு.

"எடுத்துட்டு வந்துடலாம்னு அந்த அதிகாரிப் பொண்ணு சொல்லுது. பட்டியல்ல ஒண்ணு குறையும், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாது. தகட்டுல வரி அப்படியே நிக்கும்."

"எங்க எடுத்துட்டு வருவீங்க? இங்கேயா?" அவள் குரல் உயர்ந்தது. உயர்ந்து அவர் கேட்டதே இல்லை. "பதினேழு வருஷம் அது முன்னாடி போறப்பல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போனேன். நீங்க தூரிகையை எடுத்தாலே நான் அடுப்படிக்குப் போயிடுவேன். போன வாரம் அது வாசல் தாண்டிச்சு பாருங்க, அன்னைக்குத்தான் நான் தூங்கினேன். உங்களுக்கு உங்க வரி முக்கியம்னா வச்சுக்கங்க. அது உள்ள வந்தா நான் பொண்ணு வீட்டுக்குப் போயிடுறேன். மிரட்டலை. சொல்றேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். போனவள் பாத்திரத்தை எடுக்கிற சத்தம் கேட்டது. வழக்கத்தைவிடப் பலமாகவே கேட்டது.

மறுநாள் சாயங்காலம் மகள் வேலை பார்க்கிற தையல் கூடத்து வாசலில் போய் நின்றார் காதுக்காரர். அங்கே அவர் போனதே இல்லை. மகளுக்கும் அவருக்கும் பேச்சு வெகுநாளாகவே மனைவி வழியாகத்தான். வாயைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், திமிர் பிடித்தவள் என்று ஒரு கட்டத்தில் இவரும் விட்டுவிட்டார்.

வேலை முடிந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். தலைமுடியில் நூல் ஒட்டியிருந்தது. இவரைக் கண்டதும் மகள் ஓட்டமாக வந்தாள்.

"அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. நல்லா இருக்கா."

"பின்ன எதுக்கு நீங்க இங்க?"

அவர் அவளுக்கு இடது பக்கமாக நின்றிருந்தார். எப்போதும் நிற்கிற பக்கம். "நாளைக்குக் காலையில லீவு கிடைக்குமா?" என்று கேட்டார். தெருவில் வண்டிச் சத்தம். மகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். திருப்பினது கோபத்தில் இல்லை என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. வலது காதை அவர் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தாள். முப்பது வருஷமாக அவர் பார்த்துக் கொதித்த அதே திருப்பல்.

"என்னது?"

"லீவு. நாளைக்கு."

அப்போது ஒரு லாரி நடைபாதை ஓரமாக ஒட்டிக்கொண்டு வந்தது. அவளை இந்தப் பக்கம் இழுக்கச் சட்டென்று கையைத் தூக்கினார். மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வயசு. அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் இருக்கிறாள். லாரி போய்விட்டது. இவர் கை மேலேயே நின்றது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தன் தலையையே சொறிந்துகொண்டார்.

"அரை நாள் கேக்கறேன்" என்றாள் மகள், தரையைப் பார்த்துக்கொண்டு. "எதுக்குன்னு அம்மா ராத்திரியே போன்ல சொல்லிட்டா."

வியாழக்கிழமை காலையில் இருவரும் பன்னிரண்டு படி ஏறினார்கள். அதிகாரி ஜாடியை மேசைமேல் துணி விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் காகிதத்தில் சுற்றின ஒன்று இருந்தது. பித்தளைத் தகடு. முந்தின நாள்தான் வந்ததாம். காகிதத்தை விலக்கிக் காட்டினாள். அவர் தன் பெயரைக் கண்ணால் பார்த்தார். வரியை விரலால் ஒரு முறை தடவினார். எழுத்து ஆழமாகத்தான் வெட்டியிருந்தார்கள்.

"ஜாடியை எடுத்துட்டுப் போறீங்களா ஐயா? ஆள் சொல்லட்டுமா?"

"வேணாம்மா. அது வீட்டுக்குள்ள வரக்கூடாது. தாளைக் குடு."

அதிகாரி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நிலைத்தாளையும் பேனாவையும் நகர்த்தினாள். உடைந்த காலம், உடைந்த விதம், ஒட்டியவர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. காதுக்காரர் எழுத்துக்கூட்டி எழுதுகிறவர். பதினேழு வருஷம் முன்பு என்று எழுதினார். துடைப்பம் பட்டு என்று எழுதினார். ஒட்டுக்காரனின் கடைப் பெயரை எழுதி, பக்கத்தில் 'நல்ல வேலை' என்றும் எழுதினார். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அதில் மெல்ல எழுதினார்: 'வீட்டில் இருப்பவர்கள் என்னிடம் சொல்லப் பயந்தார்கள். அதற்குக் காரணம் உண்டு.'

"இதெல்லாம் வேணாமே ஐயா" என்றாள் அதிகாரி. "இவ்வளவு யாரும் கேக்கலை. குழு முன்னாடி போற தாள் இது."

"இருக்கட்டும்மா. அடியில எழுதின எதையும் நான் நம்பினதில்லை. இதையாவது நாலு பேர் நம்பற மாதிரி எழுதிட்டுப் போறேன்."

மகள் தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். சாட்சி என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்தாள். போடவில்லை.

"காரணம் உண்டுன்னு எழுதியிருக்கீங்க. என்ன காரணம்னு எழுதலையே."

அதிகாரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காதுக்காரர் மகளிடமிருந்து பேனாவை வாங்கினார். கட்டத்தில் இடம் மிச்சமில்லை. கோட்டைத் தாண்டி, ஓரத்தில் செங்குத்தாக எழுத வேண்டியிருந்தது. எழுத நேரம் பிடித்தது. 'ஒரு கிண்ணம் விளிம்பு தெறித்ததற்காக என் மகளை ஒன்பது வயசில் அடித்தேன். அவளுக்கு இடது காது கேட்காது. எனக்கு இது முந்தாநாள்தான் தெரியும்.' கடைசி வாக்கியத்தை ஒரு முறை பார்த்தார். அதை அடித்தார். அடித்ததற்குக் கீழே, 'தெரிந்துகொள்ள நான் பார்க்கவில்லை' என்று எழுதினார்.

மகள் அதையும் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. அல்லது மாறினதைக் காண அவருக்குத் தெரியவில்லை.

"அந்த வரியை எடுத்துடுங்கம்மா" என்றார்.

"வரியை மட்டும் எடுக்க முடியாது ஐயா. தகட்டையே புதுசா வெட்டணும். பேரும் வருமான்னு இனிமே குழுதான் சொல்லணும்."

"சொல்லட்டும். சாமான் இங்கேயே இருக்கட்டும். மீதி நூத்தி மூணையும் சனிக்கிழமை பொதிஞ்சு கொண்டாந்துடறேன். எல்லாத்தையும் விளக்குல பாரு. எதையும் விடாதே."

"பின்பக்கம் லாரி நிக்க இடம் விடச் சொல்றேன் ஐயா."

"சரிம்மா. பின்பக்கமே வரேன்."

வெளியே வந்து படி இறங்கினார்கள். முழங்கால் ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகம் படுத்தியது. மகள் அவர் வேகத்துக்கு நின்று நின்று இறங்கினாள். கையைக் கொடுக்கவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் அவர் ஏதோ கேட்டார். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் இல்லை. அப்போதுதான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்தார். அவளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார்.

"டீ குடிக்கலாமா?"

நிறுத்தத்தில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க? இந்தப் பக்கம் நல்லாத்தான் கேக்குது" என்றாள் மகள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இல்லப்பா. அரை நாள்தான் லீவு. லேட்டா போனா மேஸ்திரி வாசல்லயே நிறுத்திடுவான்."

அவர் தலையாட்டினார். பேருந்து வருகிறவரைக்கும் அந்தப் பக்கமே நின்றார்.